பச்சைப்பயற்று நொதியும் பேச்சி அத்தையின் நேர்த்திக்கடனும்

1

1974 பிப்ரவரி 9, சனிக்கிழமை. காலை ஆறரைக்கு எழுந்து, வெந்நீர் அடுப்பின் சாம்பலை அள்ளிப் புதுக் கரி போட்டேன். சன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியைப் பார்த்து டைரியில் குறித்தேன். சனிக்கிழமை வழக்கப்படி நான்கு பேருடைய காலணிகளுக்கும் பாலிஷ் போட்டேன். என் மாமியார் பேச்சி அத்தை காலணி அணிய மறுப்பதால் அவருடைய ஜோடி வாங்கிய நாளிலிருந்து பளபளவென்றே இருக்கிறது. ஆனாலும் அதற்கும் போட்டேன். நகம் வெட்டி, வெட்டியதைக் காகிதத்தில் மடித்து அடுப்பில் போட்டேன். பிறகு ரொட்டி தின்றேன்.

சனிக்கிழமை இட்லி தின்பதுதான் எங்கள் வழக்கம். அன்று இட்லி இல்லை. காரணம் இதுதான்: இங்கிலாந்தின் இந்த ஊர் வீடுகளில் வெந்நீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு மர அலமாரி கட்டியிருப்பார்கள். ஈரத் துணி காயப்போடுவதற்கு என்று சொல்வார்கள். ஆனால் நாங்கள் குடிவந்த ஏழு ஆண்டுகளில் அது எங்கள் இட்லி மாவு பொங்குகிற ஒரே இடம். இருட்டு, கதகதப்பு, காற்றில்லை. அந்த வாரம் மாவை வெளியேற்றிவிட்டு அங்கே பன்னிரண்டு தட்டுகளில் பச்சைப்பயறு முளைத்துக்கொண்டிருந்தது. என்னுடைய வேலை அந்தத் தட்டுகளில் இருந்தது.

எங்கள் கேரள மலையூரான தேவிகுளத்து வாசகசாலை நண்பர்கள் சீமை வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பனி, ராணி, பெரிய கடிகாரம் ஆகியவற்றை எதிர்பார்த்திருப்பார்கள். பயற்றைப் பற்றித்தான் என்னால் நம்பி எழுத முடியும்.

2

பயறு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். உயிருள்ள எதிலும், பயற்றிலும் பாகற்காயிலும் பேராசிரியரிலும், நியூக்ளியோடைடு என்ற சிறு துண்டுகளைக் கோத்த நீண்ட சங்கிலிகள் இருக்கின்றன. பழைய சங்கிலியைச் சிதைத்தால்தான் புதியதற்குச் சரக்குக் கிடைக்கும். சிதைக்கிற கருவிக்கு நொதி என்று பெயர். கல்லூரியில் என்சைம் என்று படித்திருப்பீர்கள். இவற்றை எங்கிருந்து வந்தவை என்று பார்த்து வகைப்படுத்துவதில்லை. பாம்பு விஷத்தில் இருப்பதும் உருளைக்கிழங்கில் இருப்பதும் ஒரே வேலையைச் செய்தால் இரண்டுக்கும் ஒரே இழுப்பறை. குலம் கோத்திரம் கேட்காமல் தொழிலை மட்டும் கேட்கிற இந்த ஏற்பாடு எனக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று.

தோட்டத்துக்காரர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். தேயிலைச் செடியின் நுனியில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் உண்டு. இடுப்பில் கத்தியோடு போய், கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் உண்டு. நொதிகளும் அப்படித்தான். சில, துண்டின் நுனியில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டை மட்டும் கிள்ளி எடுக்கும். சில, சங்கிலியை நடுவில் வெட்டும். கிள்ளுவதற்கு ஒரு இழுப்பறை, வெட்டுவதற்கு ஒரு இழுப்பறை. எங்கள் ஆய்வகத்தில் நொதிக்கு ஒன்றாக அட்டை எழுதி அந்த இழுப்பறைகளில் அடுக்குவது நான்.

முளைத்த பச்சைப்பயற்றிலிருந்து எடுத்த நொதி மட்டும் கிள்ளவும் செய்கிறது, வெட்டவும் செய்கிறது.

"சரக்கு சுத்தமில்லை. இரண்டு நொதிகள் கலந்திருக்கின்றன" என்றார் ஆய்வகத் தலைவரான பேராசிரியர். அவர் கோபப்படமாட்டார், கண்ணாடியை மட்டும் துடைப்பார். "ஒன்றுதான்" என்றேன் நான். ஒரே நொதிக்குள் தனித்தனி வேலை செய்யும் பகுதிகள் இருக்கலாம் என்று இப்போது சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படியும் இருக்கலாம் என்றேன். அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

சோதிக்க வழி இருந்தது. நொதியைப் படிப்படியாகச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு நொதிகள் என்றால் ஏதாவது ஒரு படியில் பிரிந்துவிடும். ஒன்று என்றால் கடைசிவரை சேர்ந்தே வரும். சூடாக்கினால் சேர்ந்தே சாகும். மார்ச்சோடு என் நியமனம் முடிகிறது. அதற்குள் காட்டினால் நீட்டிப்பு. இல்லாவிட்டால் நான்கு பேருக்கும் ஊருக்கு டிக்கெட், அங்கே போய் வேலை தேடுதல்.

இந்த நேரம் பார்த்து நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தகராறு, மின்சாரத்துக்குப் பங்கீடு. எங்கள் துறைக்குத் திங்கள், செவ்வாய், புதன் மட்டும் மின்சாரம். மற்ற நாட்களில் ஆய்வகம் தேவிகுளத்து மார்கழியைப் போல் இருந்தது. பயறு முளைக்கவில்லை, விறைத்தது. "வீட்டில் எங்காவது இருட்டாகவும் கதகதப்பாகவும் இடம் இருக்கிறதா?" என்று பேராசிரியர் கேட்டார். திங்கள் காலை முளைகள் அவர் மேசைமேல் இருக்க வேண்டும். மாவுப் பாத்திரத்துக்கு அன்றே இடம் போயிற்று.

3

பேச்சி அத்தை என் மனைவி சரோஜாவின் தாயார். எங்களோடு தங்க நவம்பரில்தான் வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது.

என் அப்பா தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மஸ்டர் எழுதியவர். காலையில் மலைச்சரிவில் நின்று பெயர் கூப்பிட்டு, யார் கொழுந்துக்கு, யார் கவ்வாத்துக்கு என்று பத்தி பிரித்துக் குறிப்பது அவர் வேலை. ஒரு ஆளுக்கு ஒரு பத்தி என்பதை அவர் மதமாகவே வைத்திருந்தார். நான் சிறுவனாக அவர் பக்கத்தில் நின்ற ஒரு காலையில் இது நடந்தது.

"பேச்சி!"

"இருக்கேன்!"

கொழுந்துப் பத்தியில் குறித்தார். கொஞ்சம் பொறுத்துக் கவ்வாத்து ஆட்களைக் கூப்பிட்டார்.

"மாடசாமி!"

"இருக்கேன்!"

அதே குரல். அப்பா தலையைத் தூக்கினார். மாடசாமி காய்ச்சலில் லயத்து வீட்டில் படுத்திருக்க, அவருடைய கவ்வாத்துக் கத்தியோடு அவர் மனைவி நின்றிருந்தார். முதுகில் கொழுந்துக் கூடை வேறு.

"ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டையா?"

"தொண்டை ஒண்ணுதான்யா. கையி ரெண்டு இருக்குல்லா?"

வரிசை முழுதும் சிரித்தது. அப்பா இரண்டு பத்தியையும் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், எதுவும் எழுதாமல் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டக்டரைக் கேட்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அத்தை ஒரு நிரை கிள்ளி முடித்து, மற்ற நிரையை வெட்டத் தொடங்கியிருந்தார். பின்னால் எனக்குச் சரோஜாவைப் பெண் பேசப் போனபோது, "ரெண்டு பத்திக்கு ஒரே சம்பந்தி" என்றுதான் அப்பா வீட்டில் அறிவித்தார்.

அத்தையின் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் தொழில் என்ற கட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "கிள்ளுறதும் வெட்டுறதும்" என்றாராம் அத்தை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நெடுநேரம் யோசித்து "வீட்டம்ம" என்று மலையாளத்தில் எழுதிவிட்டார். அத்தை வாழ்நாளில் வீட்டில் இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

4

பயற்றைத் தட்டுகளில் பரப்பிய அன்று, செவ்வாய்க்கிழமை மாலை, அத்தையைக் கூப்பிட்டு விதிகளைச் சொன்னேன். எல்லாம் ஆய்வக விதிகள்.

"அத்தை, இந்த அலமாரியைத் தெறந்து போடக் கூடாது. வெளிச்சம் படப்படாது."

"உள்ள என்ன மாப்ள?"

"பயறு போட்டிருக்கேன். முளைக்கணும்."

அத்தை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கை கழுவாமத் தொடக் கூடாது. மீன் கழுவுன கையோட கிட்டவே போகக் கூடாது." மீனிலும் விரலிலும் அதே வகை நொதிகள் உண்டு, கலந்துவிடும்.

"கூடாது, கூடாது."

"எப்படி வளந்திருக்குன்னு வெளிய யாருகிட்டயும் பேசவே கூடாது." வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு அலமாரியில் ஈரம் ஆகாது.

அத்தையின் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒண்ணுங் கவலப்படாதிய மாப்ள. நாம் பாத்துக்கிடுதேன்."

அறிவியலில் இத்தனை ஈடுபாடா என்று வியந்தேன். டைரியில், "அத்தை ஒத்துழைப்பு: மிக நன்று" என்று எழுதினேன்.

மறுநாளிலிருந்து வீடு மாறியது. கறி இல்லை, மீன் இல்லை, முட்டைகூட இல்லை. மாடிப்படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சரோஜா என்னைப் பார்த்தபோதெல்லாம் ஏதோ பெரிய காரியம் செய்தவனைப் பார்ப்பது போல் பார்த்தாள். என் சட்டைகள் எல்லாம் கஞ்சி போட்டு இஸ்திரி ஆயின. ஒன்பது வயது மீனா மட்டும் ஆங்கிலத்தில் முறையிட்டாள். பள்ளியில் தரும் சாசேஜைக்கூட அம்மாச்சி தடுத்துவிட்டாராம். "நல்ல பழக்கம்தானே" என்றேன். அவள் தமிழில் பதில் சொல்வதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. அன்று கதவைச் சாத்திப் பதில் சொன்னாள்.

சனிக்கிழமை, நகம் வெட்டிய பிறகு, வெப்பமானியோடு மாடிக்குப் போனேன். அத்தை அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"நீங்க பாக்கப்படாது மாப்ள."

"நான்தானே அத்தை போட்டேன்?"

"போட்டா? ஆம்பளையாளு பாக்கலாம்னு இருக்கா? சூடுதானே பாக்கணும், இங்க தாங்க."

வெப்பமானியை வாங்கி, கதவை ஒரு கீற்று திறந்து உள்ளே நுழைத்து, கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொல்லி, வெளியே எடுத்தார்.

"எவ்வளவு?"

"செவப்பு நூலு பாதிக்கு மேல நிக்கி."

டைரியில் "பாதிக்கு மேல்" என்று எழுதினேன். இருபது வருடமாக எழுதும் டைரியில் அப்படி ஒரு வெப்பநிலை அதுவரை இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு எனக்கு உறைக்கவில்லையா என்று தோட்டத்துக்காரர்கள் சிரிப்பார்கள். உங்களுக்கு இரண்டாம் விதியிலேயே உறைத்திருக்கும். ஆனால் ஆண்பிள்ளையாகப் பிறந்ததால், அம்மனுக்கு வளர்க்கும் முளைப்பாரியை நான் பெண்கள் தலையில் போகும்போதுதான் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் இருட்டறைக்குள் அது எப்படி இருக்கும் என்பதை ஊரில் எந்த ஆணும் பார்த்ததில்லை.

5

ஞாயிறு காலை மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்றுவிட்டு, கேனோடு வீடு திரும்பினேன். வீட்டில் யாரும் இல்லை. மாடிக்கு ஓடினேன். அலமாரி திறந்து கிடந்தது. தட்டுகள் ஒன்றுகூட இல்லை. தரையில் மஞ்சள் நீர் சொட்டுச் சொட்டாகப் படியிறங்கி, வாசலைத் தாண்டி, தெருவில் கால்வாய்ப் பக்கம் போயிருந்தது. அந்தத் திசையிலிருந்து குலவை கேட்டது.

தோட்டத்து மாரியம்மன் கொடைத் திருவிழா ஞாபகம் வந்தது. முளைப்பாரியைக் கொண்டுபோய் ஓடையில் கரைப்பார்கள். ஒரு வருடம் கரைத்த முளை முழுதும் அடித்துக்கொண்டு போய்க் கீழே பம்பில் ஏறி, பெரிய தொரை குளிக்கும் நேரத்தில் அவருடைய குழாய் வழியாகத் தலையில் இறங்கிவிட்டது. கரைத்த முளை அப்படித்தான். போனால் போனதுதான், தொரைக்குத் தவிர வேறு யாருக்கும் கிடைக்காது. அதை நினைத்தபடி கேனைத் தூக்கிக்கொண்டே ஓடினேன்.

கால்வாய்க் கரையில் அத்தை புடவைக்கு மேல் என் பழைய ஓவர்கோட்டைப் போட்டு, செருப்பில்லாமல் நின்றார். சரோஜாவின் தலையில் ஒரு தட்டு. மீனாவின் கம்பளித் தொப்பியின் மேல் ஒரு தட்டு. பக்கத்து வீட்டு விதவை திருமதி ஹிக்ஸ், தேவாலயத்திலிருந்து நேரே வந்தவர், பூ வைத்த தொப்பியின் மேல் ஒரு தட்டோடு கும்மி தட்டிக்கொண்டிருந்தார். மீதி ஒன்பது தட்டுகளும் கரையில் காலியாகக் கிடந்தன. தண்ணீரில் வெளிர்மஞ்சளாக என் நீட்டிப்பு மிதந்து போய்க்கொண்டிருந்தது. வாத்துகள் பின்னாலேயே போயின.

குலவையைக் கேட்டு யாருக்கோ ஆபத்து என்று ஓடிவந்த போலீஸ்காரர் ஒருவர் எனக்கு முன்பே அங்கே நின்றார்.

"இதைக் கால்வாயில் கொட்ட அனுமதி வாங்கியிருக்கிறீர்களா?"

"வாத்துகளுக்குத் தீனி" என்றாள் சரோஜா, எனக்கே பெருமையாக இருக்கும்படி.

"இல்லை, கடவுளுக்கு" என்றாள் மீனா. உண்மை பேச அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். "வாத்துகளுக்கு மீதி."

போலீஸ்காரர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, எதை எழுதுவது என்று தெரியாமல் மூடினார். அந்த இடைவெளியில் அத்தை சரோஜாவின் தலையிலிருந்த தட்டைத் தூக்கினார்.

"அத்தை! நிறுத்துங்க!"

"ஏன் மாப்ள, இன்னும் மூணு தட்டுதான். நீங்களே ஒண்ணு போடுங்க. போட்ட புண்ணியவாளன்லா நீங்க."

"நான் ஆத்தாளுக்குப் போடல அத்தை. பேராசிரியருக்குப் போட்டேன்."

"அவரு என்ன, ஆத்தாள விடப் பெரிய ஆளா?"

மார்ச் வரை பெரிய ஆள்தான்.

அத்தை தட்டைக் கீழே இறக்கினார். முகம் சுருங்கிவிட்டது. "ஏரோப்ளான் ஆகாசத்துல ஆடுனப்ப நேந்தேன். ஆத்தா, என்னயப் பத்திரமா எறக்கிரு, ஒனக்கு முளைப்பாரி போடுதேன்னு. எறங்கிப் பாத்தா எங்கன போட? மண்ணே வெறச்சுக் கெடக்கு. யாருகிட்டயும் சொல்லல. மூணு மாசமா ஒறக்கமில்ல. அலமாரியத் தெறந்தா ஆத்தாளே ஒங்க கையால போட வச்சிருக்கா. திருநீறுகூடப் பூசாத மனுசன்…"

"நீயாவது சொல்லக் கூடாதா?" என்றேன் சரோஜாவிடம்.

"முளையப் பத்திப் பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஆராய்ச்சிக்குன்னா லேபுல போடுவீங்க. வீட்டுல போட்டா நான் வேற என்னன்னு நெனைக்க?"

"இது போச்சுன்னா வேலை போச்சு" என்றேன், மூன்று தட்டுகளையும் பார்த்தபடி. மீனா இருவரையும் பார்த்துவிட்டு, அம்மாச்சியின் சாமியும் அப்பாவின் பேராசிரியரும் ஒரே இழுப்பறையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சரோஜாதான் வழி கண்டாள். "அம்மா, கரைச்ச பெறகு ஆளுக்கு ஒரு பிடி குடுக்கணும்லா? வீட்டுல கொண்டுபோய் வைக்க?"

அத்தை மூன்று தட்டுகளின் ஓரத்தையும் கால்வாயில் தொட்டு எடுத்தார். ஆத்தாளின் கணக்கு தீர்ந்தது. பிறகு அங்கே இருந்த எல்லாருக்கும் ஆத்தாளின் பிரசாதமாக அள்ளி அள்ளிக் கொடுத்தார். ஆத்தா கொடுத்ததை அத்தையால் திருப்பிக் கேட்க முடியாது, நான் கேட்கலாம். சரோஜா தந்தாள். மீனா கோட்டுப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டுகளோடு சேர்த்து எடுத்துத் தந்தாள். போலீஸ்காரர் தம் பங்கைத் தொப்பிக்குள் வாங்கிக்கொண்டு விழித்தவர், என் பையில் கவிழ்த்துவிட்டு, தாம் இங்கே வரவே இல்லை என்று சொல்லிப் போனார். திருமதி ஹிக்ஸ் மட்டும் கொடுக்கவில்லை.

"எனக்குக் கொடுத்தது எனக்குத்தான். முட்டை சாண்ட்விச்சுக்கு நன்றாக இருக்கும்."

கேனில் பாதி மண்ணெண்ணெய்க்குப் பேரம் படிந்தது.

6

திங்கள் காலை சாற்றைப் பார்த்ததும் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏன் மஞ்சளாக இருக்கிறது?"

"மஞ்சள் தெளித்திருக்கிறார்கள்."

"யார்?"

"வீட்டம்மா" என்றேன். பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது.

மூன்று மின்சார நாட்களும் வேலை செய்தோம். சரக்கு குறைவு, ஆகவே ஒரு சொட்டையும் வீணாக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் கிள்ளும் வேலையும் வெட்டும் வேலையும் ஒன்றாகவே ஏறின. சூடாக்கினோம், ஒன்றாகவே இறங்கின. புதன் மாலை பேராசிரியர் வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. தொண்டை ஒன்று, கை இரண்டு என்று சொல்ல நினைத்தேன். அந்தக் கைகள் தனித்தனிப் பகுதிகளா, ஒரே கைதான் இரண்டு வேலையும் செய்கிறதா என்பது இன்னும் தெரியாது, ஆகவே சொல்லவில்லை.

"செய்முறையை எழுதிக் கொடு. நடந்தது நடந்தபடி."

நடந்தபடி எழுதினேன். இருட்டு, மஞ்சள் நீர், வெப்பநிலை பாதிக்கு மேல், வீட்டில் கறி மீன் இல்லை, அறுவடைக்கு முன் கால்வாய் நீரில் ஒருமுறை தொட்டது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியையும் துடைக்கவில்லை.

"ஒரு முறை வந்ததை நான் நம்பமாட்டேன். இன்னொரு முறை, இதே மாதிரி, எதையும் மாற்றாமல் செய். மறுபடி வந்தால் நீட்டிப்புக்கு எழுதுகிறேன்."

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன்.

"இன்னொரு தடவையா? சும்மா எப்படிப் போட மாப்ள? முளைப்பாரின்னா நேந்தாத்தான் போடணும்."

"அப்ப நேந்துக்கிடுங்க."

"எனக்கென்ன கொற? நான் எறங்கியாச்சு. வேல ஒங்களுக்குல்லா வேணும்? நீங்க நேருங்க."

"பொறவு நான் பாக்கலாமா?"

"பாக்கப்படாது."

பிப்ரவரி 14, வியாழக்கிழமை. எழுந்ததும் சாம்பல் அள்ளவில்லை, பல் விளக்கவில்லை. செருப்பைப் படிக்குக் கீழே கழற்றிவிட்டு, குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு வெந்நீர் அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். மஞ்சள் தோய்த்த கைக்குட்டைத் துண்டில் ஒரு பென்னியை முடிந்து, அத்தை கதவோரம் நின்று சொல்லச் சொல்ல வேண்டுதலைச் சத்தமாகச் சொல்லி, கதவின் கைப்பிடியில் கட்டினேன். கட்டிய பிறகு, முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.